பேச்சுக்குக் காசில்லை, பில் மட்டும் குறையவில்லை

பந்திங் நகரின் சுல்தான் அப்துல் சமாட் சாலையில் டயர் கடை நடத்துபவர், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலை விற்பவர், பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண மாலை கட்டிக் கொடுப்பவர் என்று எந்தச் சிறு வணிகரிடம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகவர் போய் நின்றாலும், அவர் நீட்டும் விளம்பரத் தாளின் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கும்: எல்லா எண்களுக்கும் வரம்பற்ற இலவச அழைப்பு. நாள் முழுக்கத் தொலைபேசியும் காதுமாக இருக்கிற வணிகருக்கு அந்த வரி இனிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தாளில் உள்ளவற்றில் நிறுவனத்துக்கு மிகக் குறைவாகச் செலவு வைப்பது அந்த அழைப்புதான். வணிகர் அதைப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய பணமோ 24 மாதக் கட்டுப்பாடு, கைப்பேசித் தவணை, வேண்டாத தரவு, பெயர் மாறிக் கிடக்கும் எண் என்று வேறு வழிகளில் போகிறது. சிறு வணிகருக்கான கைப்பேசிக் கணக்கை இலவச அழைப்பை வைத்து எடைபோடும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அப்படி எடைபோட வைக்கிற விற்பனை முறையைத் திருத்தும் பொறுப்பு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு இருக்கிறது.

அழைப்பு இவ்வளவு பெரிய கவர்ச்சியானதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் தொலைத்தொடர்பு இலாகா ஏதுர் 450 சேவையைத் தொடங்கியபோது கைப்பேசி என்பது காரில் ஏறும் கனமான பெட்டி; பேசும் ஒவ்வொரு நிமிடமும் செலவு. தொண்ணூறுகளில் மேக்சிஸ், டிஜி, செல்கோம் என்று நிறுவனங்கள் பெருகியபோதும் நிமிடக் கணக்கு போகவில்லை. ஒரே நிறுவனத்துக்குள் பேசினால் ஒரு விலை, வேறு நிறுவனத்துக்குப் பேசினால் கூடுதல் விலை. அதனால்தான் 012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம் என்று முன்னெண்ணைப் பார்த்தே ஆளை அழைக்கும் வழக்கம் வணிகர்களிடம் ஊறியது. லோரிக்காரரை ஓர் எண்ணிலும் சரக்குக் கடையை இன்னோர் எண்ணிலும் கூப்பிட, சட்டைப் பையில் இரண்டு கைப்பேசி வைத்திருந்தவர்கள் ஏராளம். 2008 அக்டோபரில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்த பிறகு முன்னெண் பார்த்து விலை சொல்வது முடியாமல் போனது. 2014இல் மேக்சிஸ் எல்லா நிறுவன எண்களுக்கும் வரம்பற்ற அழைப்பு என்று ஒரு மாதாந்திரத் திட்டத்தைக் கொண்டுவர, மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். நிமிடத்துக்கு நிமிடம் பயந்து பேசிய ஒரு தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. அந்தப் பயத்தின் நினைவு இன்னும் இருப்பதால்தான் இலவச அழைப்பு என்ற வரி இன்றும் விலைபோகிறது.

அழைப்பின் அடக்கவிலை உண்மையில் எவ்வளவு? ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக முதல் நிறுவனம் இரண்டாவதற்கு ஒரு கட்டணம் தர வேண்டும். இந்தக் கட்டணத்தின் உச்சவரம்பை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. அடுத்தடுத்த தீர்மானங்களில் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இன்று அது நிமிடத்துக்கு மிகச் சிறிய தொகைதான். அதைவிடப் பெரிய மாற்றம் தொழில்நுட்பத்தில் நடந்தது. 2021 இறுதியில் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி வழியாகப் பேசும் பேச்சு தரவாகவே பயணிக்கிறது. மிகத் தெளிவான குரலுக்குக்கூட நொடிக்கு 24 கிலோபிட் அளவு போதும். அந்தக் கணக்கில் ஒரு நிமிடப் பேச்சு, போக்கும் வரத்தும் சேர்த்து ஒரு மெகாபைட்டைத் தொடாது. ஒரு ஜிகாபைட் தரவில் 16 மணி நேரத்துக்கு மேல் பேசலாம். பத்துப் பதினைந்து ஜிகாபைட் தரவைச் சாதாரணமாக அள்ளித் தரும் திட்டத்தில் பேச்சை இலவசமாகத் தருவது எந்த நிறுவனத்துக்கும் கை நோகிற காரியம் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், கோழிக்கும் மீனுக்கும் தனிக்காசு. இங்கும் நடப்பது அதுதான். ஒரு வேறுபாடு, சாப்பாட்டுக் கடையில் கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்து வரலாம்.

இலவசம் என்பது நிறுவனங்களுக்கு இடையிலான கணக்கைப் பொறுத்தது என்பதை இந்தியாவில் ஜியோ நிறுவனம் காட்டிக் கொடுத்தது. 2016 செப்டம்பர் 5ஆம் நாள் சேவையைத் தொடங்கியபோது, குரல் அழைப்புக்கு இனி என்றுமே கட்டணமில்லை என்பது அதன் பெரிய வாக்குறுதி. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தரும் கட்டணத்தை 2017 அக்டோபரில் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைத்தது. அதை முழுதாக நீக்குவது தள்ளிப்போகும் என்று தெரிந்ததும், 2019 அக்டோபரில் ஜியோ பிற நிறுவன எண்களை அழைப்பதற்கு நிமிடத்துக்கு அதே 6 பைசாவைத் தன் வாடிக்கையாளரிடம் வசூலிக்க ஆரம்பித்தது. 2021 ஜனவரி முதல் நிறுவனங்களுக்கு இடையிலான அந்தக் கட்டணம் ஒழிந்ததும் அழைப்பு மீண்டும் இலவசமானது. நிறுவனத்தின் வாக்குறுதியைவிட அதன் பின்னால் இருந்த ஒழுங்குமுறை விதிதான் வாடிக்கையாளர் கொடுத்த விலையைத் தீர்மானித்தது. மலேசிய வணிகர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கே அழைப்பு மலிந்ததற்கும் காரணம் ஆணையத்தின் தீர்மானங்களும் தொழில்நுட்பமும்தான். அந்த மலிவு ஏற்கெனவே அவருக்கு உரியது. அதைச் சலுகையாகக் காட்டி இன்னொன்றை விற்கும்போது அந்த இன்னொன்றின் விலையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த விலையை எழுதிப் பார்ப்போம். ஐந்து எண்கள் வைத்திருக்கும் ஒரு சிறிய கேட்டரிங் தொழில். எண் ஒன்றுக்கு மாதம் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் முதல் நாள் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோது தொலைத்தொடர்பு உட்படச் சில சேவைகளுக்கு 6 விழுக்காடே நீடித்தது. அதைச் சேர்த்தால் 63 ரிங்கிட் 60 சென். ஐந்து எண்ணுக்கு மாதம் 318 ரிங்கிட். 24 மாத ஒப்பந்தத்துக்கு 7,632 ரிங்கிட். கையெழுத்துப் போடும் நாளில் வணிகர் கண்ணில் படுவது 60தான். அவர் ஒப்புக்கொள்வதோ ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஐந்து பேரில் இருவர் சமையலறையில் நிற்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது அழைப்பு மட்டும்தான், கடையில் வைஃபையும் இருக்கிறது. ஆனாலும் ஐவருக்கும் ஒரே அளவு தரவு, ஒரே விலை. வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2015 முதல் 2018 வரை இருந்த ஜிஎஸ்டி முறையில், பதிவு செய்திருந்த நிறுவனம் தொலைபேசி பில்லுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். ஆனால் ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால் சின்னக் கடைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. இன்றைய சேவை வரியில் திரும்பக் கோரும் பேச்சே இல்லை. அது முழுக்கச் செலவு.

இலவசத்தின் எல்லைகளையும் பார்க்க வேண்டும். பந்திங்கும் கிள்ளானும் கோலாலம்பூரும் ஒரே 03 வட்டாரம். தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்கோ ஷா ஆலாமுக்கோ பேசுவதும் இந்த வட்டாரத்துக்குள்ளேயே நடக்கும் அழைப்புதான். உள்ளூர் வணிகரின் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான். வட்டத்தைத் தாண்டும் இடத்தில் இலவசம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வங்கியையோ காப்புறுதி நிறுவனத்தையோ 1300 எண்ணில் அழைத்தால் பல திட்டங்களில் அது தனிக்கணக்கு. இருபது நிமிடம் இசை கேட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கும் காசு. பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக்காரரும் கிள்ளான் ஜவுளிக்காரரும் சென்னைக்கும் திருச்சிக்கும் பேசியாக வேண்டும். வெளிநாட்டு அழைப்பு பொதுவாக வரம்பற்ற அழைப்புக்குள் வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இறக்கித் தருவதற்கு இந்திய நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை டிராய் 2018 பிப்ரவரியில் 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. அப்படிக் குறைந்தது தன் பில்லில் தெரிந்ததா என்று கேட்கும் வழி இங்குள்ள வணிகருக்கு இல்லை. அதோடு, சிறு வணிகர் வெளியே அழைப்பதைவிட அவருக்கு வரும் அழைப்பே கூடுதல். குழாய் பழுதுபார்ப்பவருக்கும் டயர் கடைக்கும் தொழிலே வரும் அழைப்பில்தான் இருக்கிறது. வரும் அழைப்புக்கு இங்கே எந்தத் திட்டத்திலும் காசு இல்லை. ரீலோட் தீர்ந்துபோன வாடிக்கையாளர் மிஸ்ட் கால் கொடுத்தால் திருப்பி அழைக்க வரம்பற்ற அழைப்பு உதவும்தான். அந்தப் பயனை நான் மறுக்கவில்லை, அதற்கு என்ன விலை தகும் என்பதே கேள்வி.

வணிகக் கணக்கில் உண்மையாகவே விலைமதிப்புள்ள ஒன்று இருக்கிறது. விளம்பரத் தாளில் அதைப் பெரிதாகப் போடுவதில்லை. அது எண்ணின் உரிமை. லோரியின் கதவிலும் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகை அச்சிட்ட அட்டையிலும் பத்து வருடமாக இருக்கிற எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பல குடும்பத் தொழில்களில் அது மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ எப்போதோ வேலைக்கு வந்துபோன மேற்பார்வையாளர் பெயரிலோ கிடக்கும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானால் பதிவில் இருக்கும் பெயரும் கேட்பவர் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆள் விலகிப் போனால் எண்ணும் அவரோடு போகலாம். மோசடி அழைப்புகள் பெருகி, 2022 அக்டோபரில் 997 என்ற அவசர எண்ணோடு தேசிய மோசடி தடுப்பு மையமே தொடங்க வேண்டி வந்த நாடு இது. தெரியாத எண்ணை மக்கள் எடுப்பதில்லை. வாடிக்கையாளரின் கைப்பேசியில் பெயரோடு சேமித்திருக்கும் பழைய எண் ஒரு தொழிலின் சொத்து. சிலாங்கூர் முழுக்கச் சிறு வணிகர்கள் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் நிறுவனப் பதிவு அமைப்பான எஸ்எஸ்எம்மில் பதிகிறார்கள். வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரில் என்றால் 30. அந்தப் பதிவைக் காட்டி எண்ணை வணிகத்தின் பெயரில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அதற்காக வணிகத் திட்டத்துக்குள் நுழைபவர் மேல் தரவும் தவணையும் ஒப்பந்தமும் சேர்ந்தே ஏறுகின்றன.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு வாட்ஸ்அப்பிலிருந்து வரும். எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள், 2018 முதல் வணிகர்களுக்கென்றே தனிச் செயலியும் வந்துவிட்டது, இன்னும் அழைப்புக் கட்டணத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பார்கள். வாட்ஸ்அப் வணிகத்தை மாற்றியிருப்பது உண்மை. இரவு பத்து மணிக்கு வரும் மாலை ஆர்டரும், கேக் மாதிரிப் படமும், வங்கியில் பணம் போட்ட ரசீதும் அதில்தான் வருகின்றன. ஆனால் வாட்ஸ்அப் கணக்கும் ஒரு கைப்பேசி எண்ணின் மேல்தான் நிற்கிறது. எண் போனால் அதுவும் ஆட்டம் காணும். அவசரத்துக்கு டயர் கடையை அழைக்கும் லோரி ஓட்டுநரும், எண்பது வயதில் கோயில் பூசைக்குப் பூ கேட்கும் பாட்டியும் சாதாரண அழைப்பில்தான் வருவார்கள். கேரித்தீவின் செம்பனைத் தோட்டத்துக்குள் தரவு வேகம் குறையும் இடங்களில் செயலி அழைப்பு அறுந்துபோகும். சாதாரண அழைப்பு 2ஜியிலாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். உண்மையில் வாட்ஸ்அப் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. பேச்சின் ஒரு பகுதியை வணிகர் ஏற்கெனவே தரவில் நடத்துகிறார், அதற்கான தரவுக்குக் காசும் கட்டிவிட்டார். மிச்சமுள்ள பேச்சைப் பெரிய கொடையாகக் காட்டி அவரிடம் விற்க என்ன இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. வணிகக் கணக்கு வேண்டாமென்றால் ப்ரீபெய்ட் சிம் வாங்கிக்கொள்ளட்டும், ரெட்ஒன், டியூன் டாக் போன்ற சிறிய நிறுவனங்களில் மலிவான திட்டம் இருக்கிறதே, யார் தடுத்தார்கள்? ஒற்றை ஆள் தொழிலுக்கு இது நல்ல யோசனைதான். பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் ஆள் நாலு பேராகும்போது இது முறிகிறது. ஒரு தனிநபர் ஒரு நிறுவனத்தில் வைத்திருக்கக்கூடிய ப்ரீபெய்ட் எண்களுக்கு வரம்பு உண்டு. தனிநபர் திட்டங்கள் பலவற்றின் நிபந்தனைகளில், வரம்பற்ற அழைப்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வரியும் இருக்கும். கணக்கு வழக்கிலும் சிக்கல் வரும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வருமானம் ஈட்டுவதற்காகவே முழுக்கச் செய்த செலவைத்தான் கழித்துக்கொள்ள விடுகிறது. வீட்டுப் பேச்சும் கடைப் பேச்சும் கலந்த ப்ரீபெய்ட் ரீலோட் சீட்டுகளை வைத்து அதை நிறுவ முடியாது. 2016 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 907,065 சிறு, நடுத்தரத் தொழில்கள். அவற்றில் நூற்றுக்கு 76க்கும் மேல் குறுந்தொழில்கள், அதாவது ஆண்டு விற்பனை 3 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவு அல்லது முழுநேர ஆட்கள் ஐந்துக்குக் குறைவு. இந்தப் பெரும் கூட்டத்துக்குத் தனிநபர் சிம் போதாது, பெரிய நிறுவனத்துக்கான கணக்கு அதிகம். நடுவில் ஒன்று வேண்டும்.

மூன்றாவது மறுப்பைத்தான் கனமானதாக நான் கருதுகிறேன். சந்தையில் போட்டி இருக்கிறது, விலையை அதனிடம் விடுங்கள், 5ஜிக்கு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் முதலீடு செய்கின்றன, ஒவ்வொரு வகை வாடிக்கையாளருக்கும் மலிவுத் திட்டம் கேட்டால் கட்டமைப்பு தேங்கிப் போகும் என்பது அந்த வாதம். முதலீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தோட்டப்புறச் சாலைகளில் சிக்னல் இல்லாமல் தவிப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 198ஆம் பிரிவு, கட்டணங்கள் நியாயமாகவும் அடக்கவிலையை ஒட்டியும் இருக்க வேண்டும், ஒன்றின் செலவை இன்னொன்றின் மேல் ஏற்றுவது பொதுவாக நீங்க வேண்டும் என்று கொள்கை வகுத்திருக்கிறது. தரவு வேண்டாத சமையல்காரரின் எண்ணுக்கும் தரவு விலை ஏறுவது அந்தக் கொள்கைக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. போட்டியைப் பொறுத்தவரை, 2022 இறுதியில் செல்கோமும் டிஜியும் இணைந்து ஒரே நிறுவனமாகிவிட்டன. வணிகரின் முன்னால் இருந்த பெரிய கதவுகளில் ஒன்று குறைந்தது. அழைப்பு எத்தனை நிமிடம், தரவு எத்தனை ஜிகாபைட் என்று வாடிக்கையாளரே பிரித்துத் தேர்ந்தெடுக்கும் சேவையும் இங்கே இருந்தது. 2018இல் செல்கோமின் கீழ் தொடங்கிய யூடூதான் அது. இணைப்புக்கு ஆணையம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, யூடூவைக் கைமாற்றி விட வேண்டும் என்பது. போட்டியைக் காப்பாற்றும் நோக்கம் அதில் இருந்தது. கடைசியில் யூடூ மூடப்பட்டது. பிரித்து விற்பது தொழில்நுட்பத்தால் முடியாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது. சந்தை தானாக அதைக் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது.

வெளியே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். தரவு வேண்டாதவர்கள் தரவுக்குக் காசு கட்டக்கூடாது என்று சொல்லி, டிராய் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும். 2025 ஜனவரியிலேயே அப்படிப்பட்ட திட்டங்கள் வெளிவந்தன. முதலில் வைத்த விலை போதுமான அளவு குறையவில்லை என்று அங்கே குறை எழுந்ததும் உண்மை. ஆகவே விதி மட்டும் போதாது, விலையையும் கண்காணிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இயற்றிய மின்னணுத் தொடர்புச் சட்டத் தொகுப்பு, குறு, சிறு நிறுவனங்களுக்கும் சாதாரண நுகர்வோருக்குக் கிடைக்கும் ஒப்பந்தப் பாதுகாப்பை நீட்டித்தது. கையெழுத்துக்கு முன் ஒரே தாளில் சுருக்கம், 24 மாதத்துக்கு மேல் கட்டிப்போடத் தடை ஆகியவை அதில் அடங்கும். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடியப்போகிறது என்ற அறிவிப்பை வணிக வாடிக்கையாளர்களுக்கும் அனுப்ப வைத்தது. இந்த அறிவிப்பு சிறியதாகத் தெரியலாம். ஆனால் 24 மாதம் முடிந்தபின் வணிகர் எந்த நிறுவனத்துக்கும் போகலாம், அதே நிறுவனத்திடமே விலை பேசலாம். தெரியாதவர் பழைய விலையையே கட்டிக்கொண்டு போகிறார்.

நம் ஆணையம் கேட்க வேண்டியது அதிகமில்லை. எஸ்எஸ்எம் பதிவுள்ள குறுந்தொழிலுக்கு, கைப்பேசித் தவணையும் கட்டாயத் தரவும் இல்லாத, மாதத்துக்கு மாதம் விலகக்கூடிய ஒரு கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். எண் வணிகத்தின் பெயரில் பதிய வேண்டும். 24 மாத மொத்தத் தொகை வரியோடு முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், அதை வணிகருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். மலேசிய இந்திய வர்த்தக, தொழிலியல் சபைகளின் சம்மேளனமும் கோலாலம்பூர், சிலாங்கூர் இந்திய வர்த்தகச் சபையும் முடிதிருத்தும் கடை, ஜவுளி, பொற்கொல்லர் தொழில்களுக்கு அந்நியத் தொழிலாளர் வேண்டுமென்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. 2023இல் அரசு அதற்கு இசைந்தது. கைப்பேசிக் கணக்கு அந்த அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லைதான். ஆனால் அதே கடைகள் மாதம் தவறாமல் கட்டும் பில் இது. ஆணையம் கட்டணத் தீர்மானங்களை மறுஆய்வு செய்யும்போதெல்லாம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அடுத்த முறை அது கேட்கும்போது இந்தச் சபைகளின் மனு அங்கே இருக்க வேண்டும், பந்திங் கடைகளின் உண்மையான பில்களோடு.